பயிற்சிக்கு ஓர் ஏடு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஆனால் உடற்பயிற்சிக்கு ஏடு பெரிதும் உதவும்.

அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயமுற்ற வீரர்களின் தசைகள் வலுப்பெறும் முறையொன்றை 1945-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 10 முறை மட்டுமே தூக்க இயலும் எடையைக் கண்டறிந்து, வாரந்தோறும் மீண்டும் அளந்து, வலு கூடக்கூட எடையையும் கூட்டுவதே அம்முறை. சென்ற வார அளவு தெரியாவிடில், இவ்வாரம் எவ்வளவு கூட்டுவது?

ஆகவே ஒரு நோட்டில் தேதி, பயிற்சி, எடை, எத்தனை முறை, உறங்கிய நேரம், வலி ஆகியவற்றை அன்றன்றே குறியுங்கள். பல வாரங்கள் எண் உயராவிடில் உணவையும் உறக்கத்தையும் கவனியுங்கள். மூட்டு வலித்த நாளில் எடையைக் கூட்டாதீர்கள். ஆசிரியையிடம் ஏட்டைக் காட்டுங்கள். 7 முறை தூக்கினால் 7 என்றே எழுதுங்கள். பொய்க் கணக்கால் உடல் வலுப்பெறாது.