கீசர் கணக்கு எக்ஸெல்லில்

மார்கழி வந்தால் பல வீடுகளில் ஒரே புகார்: "ரெண்டாவது ஆளுக்கு வெந்நீர் வரலை." கீசர் பெரும்பாலும் கெட்டிருக்காது, உள்ளே வரும் தண்ணீர்தான் மாறியிருக்கும். இதை எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போமா?

முதலில் விடியற்காலையில் குழாய்த் தண்ணீரை அளந்து கொள்ளுங்கள். சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்ப்பது உதவாது. கோடையில் 28 டிகிரி, குளிர்காலத்தில் 18 டிகிரி என்று வைத்துக் கொள்வோம். மலைப்பகுதியில் இன்னும் குறையும். கீசர் 15 லிட்டர், அதில் 60 டிகிரி. குளிக்க 40 டிகிரியில் ஒரு பக்கெட், அதாவது 20 லிட்டர்.

ஏதாவது ஒரு செல்லில் இப்படி டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=20*(40-28)/(60-28)

விடை 7.5. அத்தனை லிட்டர் வெந்நீர், மீதி பச்சைத் தண்ணீர். ஆக, கோடையில் இரண்டு பக்கெட் தேறும். இப்போது இரண்டு 28-ஐயும் 18 ஆக்குங்கள். விடை 10.48! இரண்டு பேருக்கு 21 லிட்டர் வேண்டும். கீசரில் உள்ள 15-ம் முழுதாகக் கிடைக்காது. வெந்நீர் வெளியேறும்போதே குளிர்ந்த நீர் அடியில் புகுந்து கலந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டை 75-க்கு ஏற்றினால்? 60-ஐ 75 ஆக்கிப் பாருங்கள்: 7.72. கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும், அதுதான் ஆபத்து. 60 டிகிரி நீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், 75 பட்டவுடனே. குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வழியே வேண்டாம். எப்போதும் பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். சரி, 40-லேயே வைத்துவிடலாமே என்றால் அதுவும் தப்பு. வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும்.

60-லேயே விட்டுவிட்டு, காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்:

=10.5*(60-18)/860/2*60

860 கிலோ கலோரி சேர்ந்தது ஒரு யூனிட் மின்சாரம். 2 என்பது கீசரின் கிலோவாட். உங்களுடையது 3 என்றால் மாற்றிக் கொள்ளுங்கள். விடை 15.4 நிமிடம். முதல் ஆள் குளித்து முடித்த பிறகு அடுத்தவர் கால் மணி நேரம் பேப்பர் படிக்கலாம். 10.5-ஐ 15 ஆக்கினால், காலையில் முதல் தடவை சுட 22 நிமிடம் என்பதும் தெரிந்துவிடும்.

மே மாதத்து மதியத்துக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. மொட்டை மாடி டேங்க் இலவசமாகவே சுடவைத்துத் தரும்.