கை அறியாத ஆட்டம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரித் தொழிலையே ஜீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்களில், வண்டியின் முன்புறத்தைப் பற்றி வழிவழியாக வந்த நம்பிக்கைகள் பல உண்டு. அவற்றுள் பிரதானமானது, பழகிய டிரைவருக்கு ஸ்டியரிங்கில் தேய்மானம் வந்தால் அவர் கையே சொல்லிவிடும் என்பது. முப்பது வருஷம் வளையம் பிடித்த கையை மதிக்கத்தான் வேண்டும். ஆயினும், முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக நிற்கும் கிங் பின்னும் அதன் புஷ்ஷும், டை ராடின் இரு முனைகளிலுள்ள பந்து மூட்டுகளும் ஒரே நாளில் தேய்ந்துவிடுவதில்லை; ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டத்தில் மயிரிழை மயிரிழையாகத் தேய்கின்றன; அந்த மயிரிழைக்கு ஏற்பக் கையும் தன்னை அறியாமலே திருத்திக்கொண்டு வருவதால், அதே வண்டியைத் தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் அதன் ஆட்டம் கடைசியாகத் தெரிகிறது. மாற்று டிரைவர் ஒருவர் ஏறி, ஊர் எல்லை தாண்டுவதற்குள், "என்னண்ணே, வண்டி இப்படி அலையுது?" என்று கேட்டால், சொந்த டிரைவருக்குக் கோபம் வருகிறதே, அதில் பொய் ஒன்றும் இல்லை, அவர் கைக்கு வண்டி நேராகத்தான் போகிறது.

கொஞ்சம் ஆட்டம் இருந்தால்தான் ஸ்டியரிங் லேசாக இருக்கும் என்று வாதிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கொஞ்சத்துக்கும் ஓர் எல்லை உண்டு: 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், ஸ்டியரிங் சக்கரத்தில் வெற்றாட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்கின்றன. அரை மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் இது ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். இது சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைசி எல்லையேயன்றி ஆரோக்கியத்தின் லட்சணம் அன்று என்பதை, அதற்குச் சற்று உள்ளே நிற்கும் வண்டியைக் காட்டி, "எஃப்.சி.யே (தகுதிச் சான்று) கொடுத்துவிட்டார்கள்" என்று திருப்தி அடைபவர்கள் யோசிப்பதில்லை.

கிரீஸ் விஷயம் இன்னும் சுவாரசியமானது. திருப்பத்தில் முன்சக்கரம் முனகுகிறது, கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கிறோம், முனகல் நின்றுவிடுகிறது. ஆகையால் நோயும் தீர்ந்தது என்று கொள்கிறோம். கிரீஸ் தேய்மானத்தைத் தாமதப்படுத்துமே அல்லாமல், தேய்ந்துபோன உலோகத்தைத் திரும்ப வளர்க்காது. தளர்ந்த இடைவெளியைச் சில நாள் நிரப்பிச் சத்தத்தை மட்டும் அடக்கிவைக்கும். அந்தக் கிரீஸையும் வண்டி தரையில் நிற்கும்போதே அடித்தால், முன்பாரம் முழுதும் அழுத்திக்கொண்டிருக்கும் திரஸ்ட் பேரிங்குக்குள் அது நுழைய வழியில்லாமல் போகும். ஆக்ஸிலைத் தூக்கிப் பாரத்தை இறக்கிவிட்டு, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை அடிப்பதே முறை.

அப்படித் தூக்கிய நேரமே பரீட்சைக்கும் உகந்த நேரம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்ஸிலுக்கு அடியில் உறுதியான முட்டு கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தபின், டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்க வேண்டும். அசைவு தெரிந்தவுடன் கிங் பின் போய்விட்டது என்று தீர்மானிப்பது அவசர புத்தி. வீல் பேரிங் தளர்ந்திருந்தாலும் அதே அசைவுதான் தெரியும். உதவிக்கு நிற்கும் தம்பியைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசைத்தால், பிரேக் சக்கரத்தையும் அதைத் தாங்கித் திரும்பும் நக்கிளையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால், அசைவு மறைந்தால் குற்றம் பேரிங்கினுடையது, நீடித்தால் கிங் பின்னுடையது. டை ராட், டிராக் லிங்க் மூட்டுகளை மட்டும் இப்படித் தூக்கிப் பார்ப்பதைவிட, சக்கரங்கள் தரையில் பாரத்தோடு நிற்க, ஒருவர் எஞ்சினை ஓட விட்டு ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்ட, மற்றவர் பக்கவாட்டில் பாதுகாப்பாக நின்று மூட்டைக் கண்ணால் கவனிப்பதே தெளிவு தரும்: தண்டு அசைந்தும் மூட்டின் மறுபுறம் அசையத் தாமதித்தால், வேறு சாட்சி தேவையில்லை.

டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்த்தால் போதும் என்பது பணத்தை வீணாக்கும் நம்பிக்கை. ஆடுகிற மூட்டின்மேல் எடுத்த அளவு, வண்டி கடை வாசலைத் தாண்டுமுன்பே மாறிவிடும்.

ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்த்தால் பாரம் கூடுதலாக ஏற்றலாம் என்ற கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டைதான் கூடுகிறது, ஆக்ஸிலும் டயரும் பிரேக்கும் பழையபடியேதான் இருக்கின்றன. பட்டைகளை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்த இடத்தில் துருக்கோடும் உலோகம் உரசிய பளபளப்பும் தென்படும். அதைப் பாராமல் விட்டால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் இடம் பெயர்ந்து, வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். அந்தப் பழியையும் பலர் டயர்மேல் போடுவார்கள்.

கிங் பின்னும் புஷ்ஷும் புதிதாய் மாற்றி, ஆட்டமெல்லாம் நீங்கி வெளிவந்த வண்டியை எடுத்துப் போன டிரைவர், மறுநாளே பட்டறைக்குத் திரும்பி வந்து, "ஸ்டியரிங் இறுக்கமா இருக்குது, என்னமோ தப்பா மாட்டிட்டீங்க" என்று சண்டை பிடிப்பது இந்தத் தொழிலில் சகஜம். அனுபவப்பட்ட மேஸ்திரி அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு டீ வாங்கித் தந்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்.