குடியிருக்கும் வீடு யார் பேரில் இருக்கிறது?

கிணற்று மோட்டார் பழுதானால் அன்றைக்கே ஆள் தேடும் விவசாயி, குடியிருக்கும் வீட்டின் பட்டா பாட்டனார் பேரிலேயே கிடப்பதைப் பெரிதாக எண்ணுவதில்லை. அரசு உதவியில் வீடு கட்ட மனுச் செய்யும்போதோ, வங்கியில் கடன் கேட்கும்போதோ, பங்காளி ஒருவர் கொல்லைப்புறத்தில் வேலி நடும்போதோதான் சிக்கல் தெரிய வருகிறது. அதற்குள் விவரம் தெரிந்த பெரியவர்கள் மறைந்திருப்பார்கள்; கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நாலு ஊருக்குச் சிதறியிருப்பார்கள்.

வீடு வேறு, மனை வேறு

"இருபது வருஷமாக என் பேரில்தான் வீட்டு வரி கட்டுகிறேன், மின் இணைப்பும் என் பேரில்தான் இருக்கிறது" என்று பலரும் சொல்வதுண்டு. வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் அந்த வீட்டில் அவர் குடியிருப்பதைக் காட்டும். வீடு நிற்கும் மனை அவருக்குச் சொந்தம் என்பதற்கு அவை மட்டும் போதா. தம்பி தன் சொந்தப் பணத்தில் வீடு கட்டியிருந்தாலும், மனை அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருந்தால் அண்ணனின் பங்கு அழிந்துவிடாது.

பட்டாவும் முடிவான உரிமைப் பத்திரம் ஆகாது. அது வருவாய்த் துறைப் பதிவு. பட்டா மாற்றத்தால் மட்டும் ஒருவருக்கு உரிமை பிறப்பதுமில்லை, போவதுமில்லை என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. ஆயினும் கடனுக்கும் அரசு உதவிக்கும் முதலில் கேட்கப்படுவது பட்டாதான். ஆகவே பத்திரமும் பட்டாவும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருத்தல் வேண்டும்.

நத்தம் மனைகள்

கிராமங்களில் பெரும்பாலான பழைய வீடுகள் நத்தத்தில் உள்ளன. குடியிருப்புக்கென்று ஒதுங்கிய இடமே நத்தம். முன்பு பல ஊர்களில் நத்தம் முழுவதும் ஒரே சர்வே எண்ணாக இருந்தது. பிறகு நத்தம் நிலவரித் திட்டத்தில் வீடு வீடாக அளந்து தனி எண் கொடுத்து, முதலில் தோராயப் பட்டா வழங்கினார்கள். அளந்தபோது வீட்டில் இருந்தவர் பேர் ஏறியதும், வெளியூரில் இருந்த உடன்பிறந்தார் பேர் விடுபட்டதும் உண்டு. பேர் விடுபட்டதால் அவர்கள் பங்கு போய்விடாது.

ஏரி, குளம், ஓடை போன்ற நீர்நிலைப் புறம்போக்கில் கட்டிய வீடுகளின் நிலை வேறு. அங்கே எத்தனை ஆண்டு வரி கட்டினாலும் பட்டாவை எதிர்பார்க்க முடியாது. அரசு இலவசமாக அளித்த வீட்டுமனைப் பட்டாவாக இருந்தால், அதில் கண்ட நிபந்தனைகளைப் படித்துப் பார்க்காமல் விற்பதும் வாங்குவதும் கூடாது.

முதலில் செய்ய வேண்டியவை

மனையின் சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டா யார் பேரில் உள்ளது, பரப்பளவு எவ்வளவு, வரைபடத்தில் நான்கு எல்லைகளும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அரசின் நில ஆவண இணையதளத்திலும் இவற்றைப் பார்க்கலாம்.

அடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற வேண்டும். பதிவான கிரயம், அடமானம், தானம், பாகம் எல்லாம் அதில் தெரியும். பதிவாகாத பத்திரங்கள் அதில் வாரா. பெட்டியில் உள்ள பழைய பத்திரங்கள், வரி ரசீதுகள் எதையும் கிழிந்துவிட்டது என்று எறிந்துவிடலாகாது. 1980-ல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்ததற்கு முந்தைய ரசீதுகள்கூடச் சாட்சியாகப் பயன்படலாம்.

வாரிசுக் கணக்கு

பட்டாவில் உள்ளவர் முதல் இன்று குடியிருப்பவர் வரை ஒரு வம்சாவளியை எழுதிக்கொள்வது நலம். காலமான ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும், தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: இந்துக் குடும்பம் ஒன்றில் பாட்டனார் தாமே சம்பாதித்த 6 சென்ட் மனை. அவர் உயில் எழுதவில்லை. பாட்டியார் முன்பே காலமாகிவிட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்த மகனும் காலமாகி, அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளனர். இளைய மகன் வீட்டில் குடியிருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி மூன்று மக்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2 சென்ட் வீதம் சேரும். மூத்தவரின் 2 சென்ட்டை அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சமமாகப் பெறுவர். ஆக, குடியிருக்கும் இளைய மகனுக்குச் சேருவது 2 சென்ட். மீதிக்கு நான்கு பேர் சம்மதம் தேவை. பிள்ளைகள் மைனராக இருந்தால் அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசு விதிகள் வேறு.

தங்கையின் கையெழுத்து

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் இடறுகின்றன. "நகை போட்டோம், சீர் செய்தோம், அத்துடன் கணக்குத் தீர்ந்தது" என்று சொல்லி, அக்கா தங்கையரை விட்டுவிட்டு ஆண்மக்கள் மட்டும் பாகம் எழுதிக்கொள்கிறார்கள். சீர் செய்ததால் பங்கு தீராது. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு தரத் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுமைக்கும் 2005-லும் சட்டம் திருத்தப்பட்டது. 2005-ல் தகப்பனார் உயிருடன் இல்லாவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 20.12.2004-க்கு முன் முறையாகப் பதிவான பாகங்களை இது கலைக்காது.

பங்குள்ள ஒருவரை மறைத்து எழுதிய பத்திரம், பத்து ஆண்டு கழித்தும் வழக்காகத் திரும்பி வரலாம். அதற்குள் அந்த மனையில் மாடி வீடே எழும்பியிருக்கும். ஆகவே தங்கையை முதலிலேயே அழைத்து உட்கார வைத்துப் பேசுவதே செலவு குறைந்த வழி. அவர் பங்கைக் கேட்டால் இடமாகவோ பணமாகவோ கொடுக்கலாம். மனமுவந்து விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம்.

பதிவும் பட்டா மாற்றமும்

முத்திரைத் தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்திட்டுப் பெட்டியில் வைத்த பாகப் பத்திரம் பதிவுப் பத்திரத்துக்கு ஈடாகாது. பத்திரத்தில் கையெழுத்திட்ட 4 மாதத்துக்குள் அதைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய தாள் காலாவதியாகியிருந்தால், பங்குதாரர்கள் கூடிப் புதிதாக எழுதிப் பதிவதே தக்கது. குடும்பத்தாருக்குள் எழுதும் பாகம், விடுதலை, தானசெட்டில்மெண்ட் ஆகியவற்றுக்கு முத்திரைத் தீர்வை கிரயத்தைவிட மிகக் குறைவு.

பதிவு முடிந்ததும் இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாற்றத்துக்கு மனுச் செய்யலாம். மனையைப் பிரித்திருந்தால் சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். அளக்கும் நாளில் பக்கத்து மனைக்காரர்களும் இருப்பது நல்லது. பேரில் எழுத்துப் பிழை, பரப்பில் தவறு இருந்தால் தாசில்தாருக்கு மனுக் கொடுக்கலாம். ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியிலும் கொடுக்கலாம். பட்டா உத்தரவில் குறை இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. உரிமை யாருக்கு என்பதே தகராறானால் அதைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றம்.

வழக்குக்குப் போகுமுன் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் சமாதானமானால், அந்த முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதற்கு மேல்முறையீடு இல்லை.

எல்லைக் கல் எங்கே இருந்தது, எந்தச் சுவர் பொதுச் சுவர் என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்குவது புத்திசாலித்தனம். பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ அக்கா தங்கையர் உட்பட உறவினர் எல்லாரும் கூடும் நாள் அதற்கு ஏற்ற நாள்.