குளக்கரையில் வீடு போடுமுன்

ஊர் திரும்பும் நாம் முதலில் தேடுவது தண்ணீருக்குக் கிட்ட ஒரு துண்டு நிலம். ஆவணியில் குளம் வற்றியதும் அலைகரை வெறும் தரையாகக் கிடக்கும். கொட்டில் போட நல்ல இடம் என்று எண்ணுவோம். மார்கழியில் வான் பாயும்போது அந்த இடம் தண்ணீருக்குள் நிற்கும்.

ஆகவே குளத்தின் எல்லையை வற்றிய காலத்தில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. குளம் நிரம்பி நிற்கும் மட்டமே கணக்கு. அதைச் சுற்றி ஒதுக்கிய நிலமும் அணைக்கட்டும் குளத்தைச் சேர்ந்தவை. அங்கே வீடோ மலசலகூடமோ நம் விருப்பப்படி கட்ட முடியாது.

80 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பராமரிக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இதற்குரியது. பெரிய குளங்கள் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு.

இந்த விதி நமக்கு எதிரானதா? அலைகரையை நிரவினால் குளம் கொள்ளும் தண்ணீர் குறையும். கடைசி வாய்க்காலில் உள்ளவரின் பயிர் கருகும். அவரும் நம்மைப் போல இடம்பெயர்ந்து வந்தவரே.

செய்ய வேண்டியவை:

1. கமக்காரர் அமைப்பிடமும் கமநல சேவை நிலையத்திலும் குள எல்லையைக் கேட்போம்.
2. கிராம அலுவலருடன் சென்று எல்லைக்கற்களைப் பார்ப்போம்.
3. வாய்ச்சொல்லை நம்பாமல் அனுமதியை எழுத்தில் பெறுவோம்.
4. ஏற்கெனவே ஒதுக்கு நிலத்தில் இருப்பவர்கள் மாற்றுக் காணி கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு எழுதி, பிரதியைப் பத்திரப்படுத்துவோம்.

கூடிப் பேச: எமது குளத்தின் எல்லைக்கற்கள் இப்போது எங்கே இருக்கின்றன?