வெயிலுக்கு ஒரு யோசனை சொல்லு, கண்ணு!

'வகுப்புல ஃபேன் ஓடியும் தலைவலி தாங்கலம்மா' என்று பிள்ளை சொல்கிறதா? மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள். அதையே பாடமாக்கலாம்.

கூடப் படிக்கும் நாலைந்து பேரை மாலையில் செல்போனில் ஒன்றுசேருங்கள். 'பூமி சூடாவதை எப்படித் தடுப்பது?' என்றால் பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள். 'நம்ம வகுப்புச் சூட்டை எப்படிக் குறைக்கலாம்?' என்று கேளுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் அவரவர் நோட்டில் தனியாக எழுதட்டும். இல்லாவிட்டால் முதலில் பேசுகிறவன் சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள். பிறகு எல்லா யோசனையையும் செல்போனில் ஒரே பக்கத்தில் சேர்க்கட்டும். அதுவரை 'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று யாரும் கேட்கக்கூடாது. அமெரிக்கரான அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1953-ல் வெளியிட்ட புத்தகத்தில் வலியுறுத்திய விதி இது.

சின்ன யோசனை என்று தள்ளாதீர்கள். 2019-ல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவே தனியாக மணி அடித்தார்கள். அகமதாபாத்தில் ஏழைகள் வீட்டுக் கூரைக்கு வெள்ளை பூசினார்கள். உள்ளே சூடு குறைந்தது.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியரிடம் பிள்ளைகளே போய்ச் சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்கை: வெயிலில் உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்தபடியே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். யோசனையெல்லாம் அப்புறம்!