எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துப்பாங்க?

ஆட்டிஸம் உள்ள பிள்ளையைப் பேச வைக்க, படிக்க வைக்க என்று பல வருஷம் ஓடுகிறோம். பதினெட்டு வயது தாண்டியதும் ஸ்பெஷல் ஸ்கூல் முடிந்து, பிள்ளை வீட்டோடு உட்கார்ந்துவிடுகிறான். அப்போதுதான் பெற்றோருக்குத் தூக்கம் போகிறது: 'நம்ம காலத்துக்கு அப்புறம்?'

மருந்து உண்டா?

சித்த வைத்தியனாகவே சொல்கிறேன். ஆட்டிஸம் நோயல்ல, பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் உள்ள வித்தியாசம். அதைப் போக்கும் சூரணமோ பஸ்பமோ எந்த வைத்தியத்திலும் கிடையாது. மலச்சிக்கல், தூக்கமின்மை இருந்தால் அவற்றைச் சரிசெய்யலாம், அவ்வளவுதான். 'பூரண குணம்' விளம்பரத்தை நம்பி, பாதரசம் சேர்ந்த மருந்தையெல்லாம் கொடுத்து உடம்பைக் கெடுக்காதீர்கள். அந்தப் பணம் பிள்ளையின் பிற்காலத்துக்கு ஆகட்டும்.

ஊர் ஏற்றுக்கொண்டால்...

1943-ல் லியோ கானர் ஆட்டிஸத்தை விவரித்தபோது அவர் எழுதிய முதல் கேஸ் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், வெளிநாடுகள் சுற்றினார். 2023-ல் 89 வயதில் காலமானார். குடும்பம் வசதியானதுதான். ஆனாலும் ஊரார் அவரை 'நம்ம ஆள்' என்று நடத்தியதே பெரிய பலம்.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் அது முடியாதா? வாட்ச்மேன், மளிகைக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர் எல்லாரிடமும் பிள்ளையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லுங்கள். தினமும் ஒரே கடையில் ஒரே பொருளை அவனே வாங்கட்டும். அறுபத்து மூவர் கூட்டத்துக்கும் தீபாவளி நேர ரங்கநாதன் தெருவுக்கும் இழுத்துப் போகாதீர்கள். இரைச்சல் அவனுக்கு வலி மாதிரி. கபாலி கோயிலுக்குக் கூட்டமில்லாத நேரத்தில், முதல் நாள் குளக்கரை வரை, அப்புறம் கோபுர வாசல் வரை என்று பழக்குங்கள். சட்டைப்பையில் பெயர், போன் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும்.

சட்டம் என்ன தருகிறது?

பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிட்டால், சட்டப்படி பெற்றோர் தானாகவே பாதுகாவலர் ஆகமாட்டார்கள். தேவை இருந்தால், 1999-ம் வருஷத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம். இதே அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவும். 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிஸம் இடம்பெற்றிருக்கிறது. அதற்கான அடையாள அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள். கோட்டூர்புரம் வித்யாசாகர், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனம் போன்ற இடங்களில் போய் வழி கேளுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

• பிள்ளைக்குப் பிடித்தது, பயப்படுவது, சாப்பாடு, மருந்து, பேசாத பிள்ளையானால் அவன் காட்டும் ஜாடைகள்: எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

• வக்கீலைப் பார்த்து உயில் எழுதுங்கள்.

• கூடப் பிறந்தவர்களிடம் 'நீதான் பார்த்துக்கணும்' என்று திணிக்காமல், என்ன முடியும் என்று கேளுங்கள்.

• மாதம் இரண்டு நாள், அத்தையோ சித்தப்பாவோ பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கும் ஓய்வு, பிள்ளைக்கும் பிறர் கை பழகும்.

நீங்கள் இருக்கும்போதே இன்னும் நாலு பேரிடம் அவன் பழகிவிட்டால், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி.