ஒரே குளிசை, வேறு வேறு உடல்

காசநோய்க்கு ஒரே குளிசை எடுக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் கால் விறைத்து எரிவதேன்? பழுகாமத்தில் நாம் கேட்கும் கேள்வி இது.

ஐசோனியசிட் மருந்தை ஈரலிலுள்ள நொதியம் ஒன்று மாற்றி வெளியேறச் செய்கிறது. பெற்றோர் வழி வந்தபடி, இது சிலரில் விரைவாகவும் சிலரில் மெதுவாகவும் நடக்கும். மெதுவானவரின் இரத்தத்தில் மருந்து கூடுதல் நேரம் தங்கும். யப்பானியரில் இத்தகையோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். தென்னிந்தியரில் பாதிக்கு மேல். 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு நிலையம், விறைப்பு இவர்களையே அதிகம் தாக்குவதைக் கண்டது. அது நோயாளியின் குற்றமல்ல, செய்வினையுமல்ல!

இடம்பெயர்ந்து நல்ல உணவின்றி இருந்தோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஆபத்துக் கூட. சிறிதளவு விற்றமின் பி6 இதைத் தடுக்கும். விறைப்புக் கண்டால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல், உடனே மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சொல்லுங்கள்.